முன்னால் நிற்கும் எழுத்து

மார்ச் 3, ஞாயிறு

குடியுரிமை விண்ணப்பத்துக்காக வெள்ளிக்கிழமை விரல் ரேகை எடுக்கக் கூட்டிப் போனார்கள். இயந்திரத்துக்கு என் ரேகை பிடிபடவில்லை. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் துடைத்தாள், அழுத்தினாள், உருட்டினாள். பாதி விரல்கள்கூடத் தேறவில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். லேத் என்றேன். இரும்புத் துகளும் எண்ணெயும் காலமெல்லாம் தின்ற விரல்கள். இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டாள்.

மருமகன் மகுடபதி வழியெல்லாம் சிரித்தார். "மாமா, நீங்க இந்த ஊர்ல எந்தத் திருட்டுப் பண்ணுனாலும் ஒருத்தனும் கண்டுபுடிக்க முடியாதுங்க."

நான் சிரிக்கவில்லை.

இந்த வயதில் எனக்குக் குடியுரிமை எதற்கு? மகள் அங்கயற்கண்ணிதான் மருத்துவம், காப்பீடு என்று இரண்டு வருடமாக நச்சரித்தாள். முடியாது என்றேன். பிறகு விண்ணப்பத்தை நானே அகராதியை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். அதில் ஒரு கேள்வி: உங்கள் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா? அங்கே 'ஆம்' என்று குறித்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். குறித்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் குறித்தாள்.

என் பெயர் தவசி. நம் வழக்கப்படி முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்து, ச. தவசி. பிறந்தது முதல் அப்படித்தான். மதுரையில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்த ஏஜெண்ட், குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அந்த 'ச'வை விரித்துச் 'சடையாண்டி' என்று எழுதிவிட்டான். விளைவு, அமெரிக்காவில் இந்த டேட்டன் நகரத்தில் வந்து இறங்கியதிலிருந்து என்னைத் தவசி என்று கூப்பிட ஆளில்லை. ஆஸ்பத்திரியில், வங்கியில், நூலகத்தில், எங்கும் மிஸ்டர் சேடியாண்டி.

அது என் தகப்பன் பெயர். எட்டாம் வகுப்பில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய மனுசன் பெயர். அவரை நான் ஒற்றை எழுத்தாக, ஒரு புள்ளி வைத்து, ஓரமாக நிறுத்தியிருந்தேன். இந்த நாடு அவரை விரித்து என் கழுத்தில் மாட்டிவிட்டது.

மார்ச் 5

பனி. குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளியது நான். டாக்டர் பட்டம் வாங்கிய மருமகன் மறந்துவிட்டார்.

மார்ச் 16, சனி

நூலகத்தில் குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பு. நடத்துபவர் திருமதி கோல்மன். கறுப்பின அம்மா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, என் வயதுதான் இருக்கும். வகுப்பில் துருக்கிக்காரர் இருவர், காங்கோவிலிருந்து ஒரு தம்பதி, நான்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எதற்குப் பெயர் பெற்றவர், ஒன்று சொல்லுங்கள் என்பது கேள்வி. நான் நூலகத்தில் தடிப் புத்தகமாக எடுத்துப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அச்சுத் தொழிலாளி என்றேன். இடிதாங்கி என்றேன். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பொது நூலகம் தொடங்கியது, தபால் துறையை நடத்தியது, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி, பிரான்ஸில் தூதர்.

"ஒன்று போதும், மிஸ்டர் சேடியாண்டி" என்றார் அந்த அம்மா.

"ஒன்றோடு நிறுத்திக்கொள்ள அவர் என்ன சாதாரண ஆளா?" என்றேன். துருக்கிக்காரர் ஒருவர் கை தட்டினார்.

வகுப்பில் சொல்லாத ஒன்று: ஃபிராங்க்ளின் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். பத்து வயதில் தகப்பன் நிறுத்தி, மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் காய்ச்சும் தன் தொழிலில் போட்டார். எந்த ஊரிலும் தகப்பன்கள் ஒரே அச்சுத்தான். ஆனால் இவர் பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடிவிட்டார். எனக்கு அந்த யோசனை வரவில்லை.

ஆபிரகாம் லிங்கனையும் பார்த்தேன். எல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க மாட்டார். இரவல் புத்தகம் படித்து வக்கீல் ஆனவர். இந்தத் தேசத்தைக் கட்டியவர்களில் பாதிப் பேரை நான் லேத் ஓட்டிய கம்பெனியின் மேலாளர் சான்றிதழ் இல்லையென்று வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

மார்ச் 30, சனி

மகுடபதி, பாவம், லீவு நாளில் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடைக்குக் கூட்டிப் போனார். விமானத்தைக் கட்டிய கடையை அப்படியே பெயர்த்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். இங்கே இருப்பது அதற்கு முந்தைய கடை. இருந்தாலும் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

அண்ணன், தம்பி இருவர் கையிலும் பள்ளிச் சான்றிதழ் கிடையாது. விமானத்துக்கு இயந்திரத்தைச் செய்து கொடுத்தவர் அவர்கள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர். ஆறு வாரத்தில் செய்தார். அதன் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டை எஃகுப் பாளத்தில் வரைந்து, வரிசையாகத் துளை போட்டு, வேண்டாததைத் தட்டி எடுத்து, மீதியை லேத்தில் கடைந்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வேலையில் கை எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மூணு பேருமே படிக்காதவங்க. பறந்தாங்க" என்றேன்.

"அவங்க தங்கச்சி காலேஜ் முடிச்சவங்கங்க மாமா. அந்தம்மா டீச்சர் வேலை பாத்துக் குடும்பத்தத் தாங்குனாங்க" என்றார்.

அவர் பட்டத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டார். வரும் வழியில் காபி வாங்கிக் கொடுத்தார். நன்றாக இருந்தது.

ஏப்ரல் 2

இரண்டாம் முறை போனதில் ரேகை விழுந்துவிட்டது. அந்தப் பெண் என் கட்டைவிரலைப் பிடித்து உருட்டியபோது அருப்புக்கோட்டை பத்திரப் பதிவு அலுவலகம் ஞாபகம் வந்தது. சடையாண்டி கையெழுத்துப் போடத் தெரியாதவர். கிணறு வெட்டும் வேலை. கடப்பாரை பிடித்துப் பிடித்து அவர் கட்டைவிரலில் ரேகையே இருக்காது. மை தடவி வைத்தால் கறுப்பாக ஒரு வட்டம் விழும். "இது என்னய்யா விரலா, உலக்கையா?" என்று எழுத்தர் தாளை விசிறி அடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

ஏப்ரல் 13, சனி

இரண்டு வாரமாக ஃபிரெடெரிக் டக்ளஸைப் படிக்கிறேன். தேர்வில் அவரைப் பற்றிக் கேள்வி இல்லை. அது அவர்கள் குறை.

அடிமையாகப் பிறந்தவர். எஜமானி கொஞ்சம் எழுத்து சொல்லிக்கொடுத்தாள், எஜமான் தடுத்துவிட்டான். எழுத்துத் தெரிந்தவன் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போவான் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. பையன் விடவில்லை. தெருவில் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கேட்டான். கப்பல் பட்டறையில் மரத்துண்டுகளில் தச்சர்கள் அடையாளத்துக்குக் கிறுக்கிய எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான். நானும் அளவுக் கருவியில் இருந்த எழுத்துகளிலிருந்துதான் ஆங்கிலம் ஆரம்பித்தேன். அவரோடு என்னை ஒப்பிடவில்லை. பட்டறை எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

தப்பி வடக்கே வந்ததும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பெய்லி என்ற பெயரை விட்டது. டக்ளஸ் ஆனார். பிறகு அவர் பேசினால் தேசம் உட்கார்ந்து கேட்டது. லிங்கனே கேட்டார். பெயரை மாற்றுவது ஏதோ கிழவனின் கிறுக்கு என்று இந்த வீட்டில் பேசுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

அவருக்குத் தன் தகப்பன் யாரென்று கடைசிவரை உறுதியாகத் தெரியாது. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. படித்தேன், எழுதினேன்.

என் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் நான்தான் முதல். பந்தல்குடியில் எங்கள் வீட்டுக்குத் தலைமையாசிரியரே நடந்து வந்தார். சடையாண்டி கட்டிலில் கிடந்தார். கிணற்றில் கல் உருண்டு கால் முறிந்திருந்தது.

"பையனைப் படிக்க விடுய்யா" என்றார் சார்.

"படிப்பு இன்னைக்குச் சோறு போடுமாங்க சார்?" என்றார் இவர்.

அவ்வளவுதான். கால் உடைந்தது அவருக்கு, நொண்டியானது நான். கம்பு ஊன்ற முடிந்த அன்றே என்னை மதுரைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப் போய் ஒரு லேத் பட்டறையில் விட்டார். ஊரில் மற்ற பையன்கள் தகப்பனோடு கிணற்றுக்குள் இறங்கினார்கள். இறங்கினால் அன்றைக்கே கூலி. பட்டறையில் முதல் வருடம் சாப்பாடு மட்டும்தான். என்னை மட்டும் ஏன் இறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு கம்பெனியில் நான் வேலை பழக்கிய டிப்ளமோக்காரன் எனக்கே ஃபோர்மேன் ஆனான். அந்தக் கணக்கும் சடையாண்டி பேரில்தான்.

ஏப்ரல் 27

வெண்டைக்காய் கிடைத்தது. முற்றல்.

மே 12, ஞாயிறு

சண்டை.

புதுப் பெயர் என்னவென்று சாப்பிடும்போது மகுடபதி கேட்டார். "தவசி ஃபிராங்க்ளின்னு வெச்சுக்கங்க மாமா, எடுப்பா இருக்கும். இல்லீன்னா தவசி டக்ளஸ்."

தவசி பந்தல்குடி என்றேன். ஊர்ப் பெயர். ஊர் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை.

மகள் அங்கை கரண்டியை வைத்துவிட்டாள். "தாத்தா செத்து எத்தனை வருசமாச்சு. இன்னும் அவரோட மல்லுக்கு நிக்கணுமாப்பா?"

"நின்னவனுக்குத்தான் தெரியும்."

"ஆஸ்பத்திரில என்னைய எப்படிக் கூப்பிடுறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்."

"நர்ஸ் தவசி. என் பேரைக் கூப்பிட அவங்க நாக்கு வளையாது. எனக்குப் பின்னாடி நிக்கிறது உங்க பேரு. அதத்தான் கூப்பிடுறாங்க. நான் இவரைக் கட்டிக்கிட்டேன்னு ரெண்டு வருசம் எங்கிட்டப் பேசாம இருந்தீங்களே, அப்பவும் தினம் காலைல அந்தப் பேட்ஜத்தான் குத்திக்கிட்டுப் போனேன். கழட்டி வீசினேனா?"

மகுடபதி எழுந்து போய் குழாயைத் திறந்து, கழுவின தட்டையே கழுவினார்.

அவள் செய்தது அன்றைக்குத் தப்புத்தான். அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பேட்ஜ் விஷயம் எனக்குத் தெரியாது.

மே 13

அங்கை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். பேட்ஜில் நீல எழுத்து. என் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஜூன் 1, சனி

இன்று வகுப்பில் ஹாரியட் டப்மன். அடிமைத்தனத்திலிருந்து தனி ஆளாகத் தப்பியவள். தப்பியவர்கள் பொதுவாக அந்தத் திசையில் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். இவள் தலைக்கு விலை இருக்கும்போதே திரும்பிப் போனாள். மறுபடி மறுபடி போனாள். சுமார் எழுபது பேரை ராத்திரியில் நடத்தி வடக்கே சேர்த்தாள். கடைசியில் வயதான தாய் தகப்பனையும் போய்க் கூட்டி வந்தாள். வழியில் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. இப்படி ஒரு பெண் நம் பக்கத்தில் பிறந்திருந்தால் கோயில் கட்டிக் கடா வெட்டியிருப்போம்.

"எத்தனை வருடம் பள்ளிக்கூடம்?" என்று வழக்கம்போல் கேட்டேன். என் கணக்கு இப்போது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு நாள்கூட இல்லை" என்றார் திருமதி கோல்மன். "எழுதப் படிக்கவே தெரியாது, கடைசிவரை."

என் கணக்கில் இருந்தவர்கள் எல்லாம் தாங்களாகப் படித்துக்கொண்டவர்கள்.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாவிடம் கேட்டேன்: கோல்மன் என்பது உங்கள் முன்னோரை அடிமையாக வைத்திருந்த முதலாளி பெயராகத்தானே இருக்கும், ஏன் இன்னும் தூக்கிச் சுமக்கிறீர்கள்? கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவர் கோபப்படவில்லை.

"இருக்கலாம். சிலர் மாற்றினார்கள், அது அவர்கள் நியாயம். என் பாட்டனார் அதே பெயரில் பதினோரு ஏக்கர் வாங்கினார். அதே பெயரில் ஓட்டுப் போடப் போய் அடி வாங்கினார். மறுபடி போனார். இப்போது அந்தப் பெயர் யாருடையது, மிஸ்டர் சேடியாண்டி?"

நான் என் கதையைச் சொன்னேன். தலைமையாசிரியர், கட்டில், பட்டறை. பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஆசிரியை அல்லவா, கேள்வி கேட்டார்.

"உங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படித்தது யார்?"

"நான்தான்."

"எட்டாம் வகுப்பு வரை அனுப்பியது யார்?"

நேரமாகிவிட்டது, மகள் காத்திருப்பாள் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அங்கை அரை மணி கழித்துத்தான் வந்தாள். அதுவரை புத்தகம் திருப்பிப் போடும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஜூன் 2

அந்த அம்மா கெட்டிக்காரி. ஆனால் என் விஷயம் வேறு.

ஜூன் 9

ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது நடந்தது. அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்துக் கொண்டுபோனார். வயது தெரியாததால், வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். எட்டவில்லை. அடுத்த வருடம் வா என்றார். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். தோள் பிய்ந்துவிடும்போல் வலித்தது. "தொட்டுட்டான் சார், தொட்டுட்டான்" என்றார்.

மழை. ஜன்னல் எல்லாம் மூடினேன்.

ஜூலை 4

வாணவேடிக்கை. இந்தத் தேசத்தின் விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் ஏராளமான அடிமைகளை வைத்திருந்தவர். எல்லோரும் சமம் என்று எழுதிய கையும் அதே கைதான். எழுதியதை டக்ளஸ் போன்றவர்கள் பிடித்துக்கொண்டு, எழுதினாயல்லவா, செய் என்று கேட்டார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கிறது. எழுதியவரைவிடக் கேட்டவர்கள் பெரியவர்கள்.

ஆகஸ்ட் 20

நேர்காணல் தேதி வந்துவிட்டது. அங்கை தினமும் வேலை விட்டு வந்து கேள்வி கேட்கிறாள். தப்பாகச் சொன்னால் சின்ன வயதில் நான் அவளை முறைத்ததுபோலவே முறைக்கிறாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தேறிவிட்டேன்.

அதிகாரி இளைஞர். கேட்டதில் ஒன்று: சூசன் பி. ஆன்டனி என்ன செய்தார்? பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடினார் என்றால் போதும். எனக்கு நிறுத்த வரவில்லை. உரிமை இல்லாத காலத்திலேயே போய் ஓட்டுப் போட்டார், கைது செய்தார்கள், அபராதம் போட்டார்கள், கட்ட மாட்டேன் என்றார், சாகும்வரை கட்டவே இல்லை என்றேன்.

"உங்களுக்கு அவரைப் பிடிக்கும் போலிருக்கிறது" என்றார்.

"பிடிவாதக்காரர். பிடிக்கும்" என்றேன்.

ஆறு கேள்வி சரியாகச் சொன்னதும் நிறுத்திவிட்டார். மீதியும் கேளுங்கள் என்றேன். தேவையில்லையாம்.

கடைசியில் ஒரு தாளை எடுத்தார். "பெயரை மாற்றக் கேட்டிருக்கிறீர்கள். தவசி பந்தல்குடி. சடையாண்டி என்பது நீக்கப்படும். சரியென்றால் இங்கே கையெழுத்து."

பேனாவை வாங்கினேன். அவர் காத்திருந்தார். சடையாண்டி என்பதை அவர் கொஞ்சம் நிறுத்தி, சரியாகவே உச்சரித்திருந்தார்.

பெயரை மாற்றினால் ஊரில் பென்ஷன், ஆதார், வங்கி, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு அலுவலகமாக எவன் அலைவது? அதை யோசித்து, வேண்டாம் என்றேன்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

வெளியே வந்து அங்கையிடம் சொன்னேன். பென்ஷன் காரணத்தையும் சொன்னேன். "ஆமாப்பா, பெரிய அலைச்சல்" என்றாள். காருக்குள் ஏறியதும் கண்ணாடியைச் சரி செய்கிறேன் என்று ரொம்ப நேரம் முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தாள்.

செப்டம்பர் 14, சனி

திருமதி கோல்மனுக்கு முறுக்கு கொண்டுபோனேன். அங்கை சுட்டது. பெயர் விஷயம் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் வருகை எடுக்கும்போது, "மிஸ்டர் சடையாண்டி என்பதுதானே சரியான உச்சரிப்பு?" என்று கேட்டார். இரண்டு முறை சொல்லிக் கொடுத்தேன். துருக்கிக்காரர்களும் சொல்லிப் பார்த்தார்கள். அறை முழுக்க அப்பாவை ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். ஊரில் அவரை இத்தனை மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை.

அக்டோபர் 3

நாளை உறுதிமொழி. சான்றிதழில் முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். 'ச' மட்டும் போட்டால் செல்லாதாம். இதுவரை எதிலும் முழுப் பெயரும் போட்டதில்லை. பழைய காலண்டர் தாளைத் திருப்பி வைத்து எழுதிப் பார்த்தேன். கை பழக வேண்டுமல்லவா.

அக்டோபர் 4, வெள்ளி

பெரிய கூடம். பல நாட்டுக்காரர்கள். வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னோம். மகுடபதி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, யாரும் சொல்லாமலே எழுந்து நின்று கை தட்டினார். நல்ல மனுசர்தான், குப்பைத் தொட்டி மட்டும் ஞாபகம் இருக்காது.

பிறகு ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டார்கள். தடித்த தாள், என் புகைப்படம். மேசையில் இருந்த அம்மா கையெழுத்துக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "முழுப் பெயர், அவசரமில்லை" என்றார். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. ஆனாலும் நான் அவசரப்படவில்லை.

தவசி எழுத நேரமாகவில்லை. அடுத்ததை ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அதைச் சுமந்த மனுசர் ஒருமுறைகூட எழுதிப் பார்க்காத பெயர். மை தடவிக் கட்டைவிரலை வைத்து, அதுவும் விழாமல் திட்டு வாங்கிய பெயர். எழுத்து எதுவும் சிதறவில்லை. மை காயும்வரை கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அழகான கையெழுத்து" என்றார் அந்த அம்மா. "எங்கே படித்தீர்கள்?"

பந்தல்குடி என்றேன். எட்டாம் வகுப்பு வரை, அப்பா படிக்க வைத்தார் என்றேன்.